ஊக்கமருந்துத் தடை முடிந்த சைக்கிள் வீரர் பந்தயத்துக்குத் திரும்புவது எப்படி?

கேள்வி: ஊக்கமருந்துக்காகத் தடை செய்யப்பட்ட தொழில்முறை சைக்கிள் வீரர், தடை முடிந்த மறுநாளே பந்தயத்தில் இறங்க முடியுமா? அதற்கு என்னென்ன செய்ய வேண்டும்? பழைய வேகம் திரும்புமா?

முடியும். ஸ்பெயின் வீரர் அல்பெர்டோ கொன்டடோரின் தடை 2012 ஆகஸ்ட் 5-ல் முடிந்தது. ஆகஸ்ட் 6-ம் தேதி நெதர்லாந்தில் எனெகோ டூர் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் அவர் நின்றார். அடுத்த மாதமே ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வூல்டாவை வென்றார். இதைப் பார்த்துவிட்டுப் பலரும் தடைக்காலத்தை நீண்ட விடுமுறை போல நினைத்துக்கொள்கிறார்கள். கொன்டடோருக்குக் கையில் அணி இருந்தது, பெயர் இருந்தது, இரத்தப் பதிவுகள் தொடர்ச்சியாக இருந்தன. பந்தயம் ஓடாமல் இருந்த காலமும் அவருக்கு வெறும் ஆறு மாதம்தான். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கதை மாறிவிடும். திரும்பி வரும் வேலை முழுவதும் தடைக்காலத்துக்குள்ளேயே நடக்கிறது. தடை முடிகிற நாளில் அந்த வேலையைத் தொடங்குகிறவருக்கு ஒரு முழு சீசன் போய்விடும்.

முதலில் கணக்கு. 2021-ல் நடைமுறைக்கு வந்த வாடா (உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை) விதித்தொகுப்பின்படி ஈபிஓ (சிவப்பணுக்களைப் பெருக்கும் மருந்து), இரத்தமேற்றல், அனபாலிக் ஸ்டீராய்டு போன்றவற்றுக்கு அடிப்படைத் தண்டனை 4 ஆண்டு. தெரியாமல் உடம்புக்குள் போனது என்று வீரர் நிரூபித்தால் 2 ஆண்டு. 4 ஆண்டுத் தண்டனை கோரிக் குற்றச்சாட்டு வந்த 20 நாளுக்குள் குற்றத்தையும் தண்டனையையும் ஒப்புக்கொண்டால் ஓர் ஆண்டு கழியும். மற்றவர்களைப் பற்றிப் பயனுள்ள தகவல் கொடுத்தால் மேலும் குறையலாம். 2015-க்கு முன்பு முதல் குற்றத்துக்கு வழக்கமான தண்டனை 2 ஆண்டுதான். பழைய வீரர்கள் திரும்பி வந்த கதைகளை இன்றைய வீரருக்குப் பொருத்திப் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. இரண்டு ஆண்டு என்றால் தாக்குப்பிடிக்கலாம். 29 வயதில் நான்கு ஆண்டு வாங்குகிறவர் திரும்பும்போது 33 வயதில் இருப்பார்.

தடை எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பது அடுத்த குழப்பம். தீர்ப்பு நாளிலிருந்து தொடங்குவதுதான் பொதுவிதி. ஆனால் தற்காலிக இடைநீக்கத்தில் ஒழுங்காக ஒதுங்கி இருந்த நாட்களைக் கழித்துக்கொடுப்பார்கள். விசாரணை தன் தவறில்லாமல் இழுத்தால் தொடக்கத் தேதியைத் தீர்ப்புக்கு முந்தைய நாளுக்கும் மாற்றலாம். கொன்டடோருக்கு விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012 பிப்ரவரி 6-ல்தான் தீர்ப்புச் சொன்னது. தடை 2011 ஜனவரி 25-லிருந்து எண்ணப்பட்டது. ஏற்கெனவே ஒதுங்கியிருந்த 5 மாதம் 19 நாள் கழிக்கப்பட்டது. அதனால்தான் இரண்டு ஆண்டுத் தடை, தீர்ப்பு வந்து ஆறே மாதத்தில் முடிந்தது. லாபம் மட்டும் இல்லை: இடையில் அவர் ஓடிய பந்தயங்களின் முடிவுகள் எல்லாம் அழிந்தன. 2010 டூர் டி பிரான்ஸ் பட்டம் ஆண்டி ஷ்லெக்குக்கும், 2011-ன் இத்தாலியப் பந்தயமான ஜிரோ பட்டம் மிக்கேலே ஸ்கார்போனிக்கும் போயின. தற்காலிக இடைநீக்கத்தை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதற்காகத்தான். வழக்கு நடக்கும்போது ஓடி வாங்கிய வெற்றியும் பரிசுப் பணமும் கடைசியில் கையில் நிற்காது.

தடைக்காலத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? தனியாகச் சாலையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம். பழைய அணி நண்பர் ஒருவர் கூட வந்து ஓட்டினால் அது குற்றமில்லை. ஆனால் அணி ஏற்பாடு செய்த பயிற்சி முகாம், கூட்டமைப்பின் வெலோட்ரோம் (சைக்கிள் ஓட்டக் களம்), கிளப் நடத்தும் பயிற்சி, காட்சிப் பந்தயம் எல்லாமே மூடிய கதவுகள். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் கிரான் ஃபோண்டோ என்ற நீண்டதூரப் பொதுச் சவாரி. 'பொதுமக்கள் ஓட்டுகிற சவாரிதானே' என்று நினைத்து எண்ணட்டை மாட்டிவிடுவார்கள். அந்தச் சவாரி தேசியக் கூட்டமைப்பின் அனுமதியுடன் நடந்தால் அது தடையை மீறிய பங்கேற்பு. மூலத் தடை எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்குப் புதுத் தடை பின்னால் சேர்க்கப்படலாம். இரண்டு ஆண்டுத் தடையின் 23-ம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்குப் போனவர் இன்னும் இரண்டு ஆண்டு உட்கார வேண்டி வரும். அணியில் பயிற்சியாளராகவோ மெக்கானிக்காகவோ வேலை பார்ப்பதும் கூடாது.

அணியோடு சேர்ந்து பயிற்சி செய்ய ஒரு சின்னச் சன்னல் உண்டு. தடையின் கடைசி 2 மாதம், அல்லது மொத்தத் தடையின் கடைசிக் கால் பங்கு, இரண்டில் எது குறைவோ அது. நான்கு ஆண்டுத் தடைக்குக் கால் பங்கு ஓர் ஆண்டு. ஆகவே 2 மாதம்தான் கிடைக்கும். ஆறு மாதத் தடைக்குச் சுமார் 45 நாள். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட எந்தத் தடைக்கும் விடை இரண்டு மாதமே. அந்த முதல் நாளிலேயே அணி முகாமில் போய் நிற்பதுபோல நாட்காட்டியைத் திட்டமிட வேண்டும்.

இனி, சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்க்கும் விஷயம்: இருப்பிடத் தகவல். தடையில் இருப்பவருக்குச் சோதனை நிற்காது. பதிவுசெய்த சோதனைக் குழுவில் (எப்போது வேண்டுமானாலும் சோதிக்கப்படும் வீரர்களின் பட்டியல்) இருக்கும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆடம்ஸ் என்ற இணைய அமைப்பில் ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறார் என்று பதிய வேண்டும். தினமும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஏதாவது ஒரு 60 நிமிடத்தைக் குறிப்பிட்டு அந்த நேரத்தில் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால் (ஆள் இல்லாமல் போவதும் கணக்கு, தகவலைத் தவறாகப் பதிவதும் கணக்கு) அதுவே தனி ஊக்கமருந்துக் குற்றம். பந்தயம் இல்லாத வீரருக்குத் தினசரி ஒழுங்கு கலைந்துபோவதால் இது நடக்கிறது. அழைப்பு மணி வேலை செய்யாது. அடுக்குமாடி வாசலில் பெயர் இருக்காது. மலை முகாம் விடுதியின் வரவேற்பில் இருப்பவர் 'விருந்தினர் அறை எண்ணைச் சொல்ல மாட்டோம்' என்று சோதனை அதிகாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதிகாரி போன் செய்து எழுப்புவார் என்று நம்பி இருக்கக் கூடாது. அழைத்தாக வேண்டிய கடமை அவருக்கு இல்லை. தூங்கும் நேரமான காலை 6 முதல் 7 வரை என்று வைத்துக்கொள்வதும், வாசலில் பெயர் ஒட்டுவதும், விடுதியில் நுழைந்ததும் வரவேற்பில் சொல்லிவைப்பதும்தான் தீர்வு. விமானம் மாறினால் ஏறுவதற்கு முன்பே செயலியில் மாற்றிவிட வேண்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தடையின் நடுவில் 'ஓய்வு' அறிவித்துவிடுகிறவர்களும் உண்டு. மனம் மாறினால் விலை அதிகம். திரும்ப வர எழுத்துமூலம் அறிவித்து, சோதனைக்குக் கிடைக்கும் நிலையில் ஆறு மாதம் இருக்க வேண்டும். ஓய்வு அறிவித்த நாளில் பாக்கியிருந்த தடை ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அந்த நீளத்துக்கு. இந்த ஆறு மாத விதியின் நோக்கம் எளிமையானது: யாருக்கும் தெரியாமல் ஓர் ஊரில் உட்கார்ந்து உடம்பைத் தயார் செய்துகொண்டு வந்து நிற்கக் கூடாது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஓய்விலிருந்து 2009-ல் டூர் டவுன் அண்டருக்குத் திரும்பியபோது ஆறு மாதம் நிறைவடையவில்லை; சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூசிஐ அவருக்காக விதியைத் தளர்த்தியது. பிறகு அந்த முடிவு கடுமையாக விமர்சிக்கப்பட்டது. இன்று யாரும் அப்படி ஒரு சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

தாள்கள் சரியாக இருந்தாலும் அணி வேண்டும். தடை முடிந்தவரை எடுக்கக் கூடாது என்று யூசிஐ விதி எதுவும் சொல்லவில்லை. ஆனால் எம்பிசிசி என்ற, அணிகள் தாமாகச் சேர்ந்த அமைப்பு 2007 முதல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் தடை பெற்றவரைத் தடை முடிந்து இரண்டு ஆண்டு வரை ஒப்பந்தம் செய்வதில்லை என்பது அதன் உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனை. எனவே வீரரின் முகவர் முதலில் பார்க்க வேண்டியது எந்த அணி அந்தப் பட்டியலில் இல்லை என்பதை. தடை முடியும் மாதமும் முக்கியம். அணிகள் அடுத்த ஆண்டுக்கான இடங்களைக் கோடையிலிருந்து இலையுதிர் காலத்துக்குள் நிரப்பிவிடுகின்றன. ஒப்பந்த மாற்றங்களை ஆகஸ்ட் 1 முதல் அறிவிக்கலாம். டிசம்பரில் தடை முடிபவர் முந்தின செப்டம்பரிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். ஜூனில் முடிபவருக்கு அணியில் காலி இடமே இருக்காது. முன்பே இடம் பிடித்து வைத்தவர்தான் நடுவில் நுழைய முடியும். கொன்டடோர் 2012 ஜூனிலேயே பழைய அணியான சாக்ஸோ பேங்குடன் ஆகஸ்டில் தொடங்கும் புது ஒப்பந்தத்தைப் போட்டிருந்தார்.

பழைய அணி காத்திருக்கும் என்பதும் உறுதியில்லை. ஃபிராங்க் ஷ்லெக் 2012 டூரில் ஸைப்பமைட் என்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்தில் சிக்கினார். வேண்டுமென்று எடுத்ததாக நிரூபணமில்லை. ஓர் ஆண்டுத் தடைதான். 2013 ஜூலையில் தடை முடியும் தறுவாயில், அவருடைய ரேடியோஷாக் அணி அவரைத் திரும்ப எடுப்பதில்லை என்று அறிவித்தது. 2014-ல் டிரெக் அணியில்தான் மறுபடி ஓடினார். டேவிட் மில்லரின் வழி வேறு. 2004-ல் ஈபிஓ எடுத்ததை ஒப்புக்கொண்டார், 2003-ல் வென்ற உலகத் தனிநேர ஓட்டப் பட்டத்தை இழந்தார், இரண்டு ஆண்டு உட்கார்ந்தார். திரும்பிய பிறகு ஸ்லிப்ஸ்ட்ரீம் அணியில் சேர்ந்து, வெளிப்படையாகப் பேசுபவர் என்ற அடையாளத்தையே தன் முதலீடாக்கிக்கொண்டார். ஸ்பான்சர்கள் வாயை மூடிக்கொள்ளும் வீரரைவிட ஒப்புக்கொண்டவரை எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தடை பெற்ற இன்னொரு ஸ்பெயின் வீரரான அலெஹாந்த்ரோ வால்வெர்டே எதையும் ஒப்புக்கொள்ளவில்லை; மூவிஸ்டார் அவரைக் கைவிடவும் இல்லை. வெற்றி கொண்டுவரும் காலுக்குத்தான் அணிகள் பணம் கொடுக்கின்றன. இரண்டாம் வரிசை வீரருக்கு அந்தப் பெருந்தன்மை கிடைப்பதில்லை. அவர் மூன்றாம் நிலை கான்டினென்டல் அணியில், சொற்பச் சம்பளத்தில்தான் மறுபடி தொடங்குவார்.

சரி, கால்களுக்கு வருவோம்.

தொழில்முறை வீரர் ஆண்டுக்கு 60 முதல் 80 நாள் பந்தயம் ஓடுகிறார். ஒவ்வொன்றும் சராசரி 170 கிலோமீட்டர் என்றாலும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பந்தய வேகத்தில் போகிறது. தடையில் இருப்பவர் இழப்பது அதைத்தான். ஆக்ஸிஜன் உள்வாங்கும் திறனையும், 20 நிமிட ஏற்றத்தில் தரக்கூடிய வாட் அளவையும் தனியாக ஓட்டியே காப்பாற்றலாம். கரைந்துபோவது வேறு: ஐந்தாவது மணி நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் 20 நொடித் துள்ளல்களைத் தாங்கும் திறன், 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் பதறாமல் ஓடும் பழக்கம், குறுகலான ஊருக்குள் நுழையும் முன் கூட்டத்தின் முதல் முப்பதில் இடம் பிடிக்கும் சாமர்த்தியம். இந்தக் கடைசி விஷயம் இல்லாதவர் ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் வாலில் இருந்து துரத்த வேண்டும். கால் நன்றாக இருந்தும் 30 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது தீர்ந்துபோவார். வீட்டிலிருந்து பார்ப்பவர் 'தகுதி இல்லை' என்பார். உண்மையில் அவர் மற்றவர்களைவிட அதிக வேலை செய்திருப்பார்.

இதைச் சோதிக்க எளிய முறை உண்டு. உடம்பு புத்துணர்வாக இருக்கும் நாளில் 5 நிமிட உச்ச வாட்டை அளந்துகொள்ள வேண்டும். இன்னொரு நாள் 2,500 கிலோஜூல் வேலை செய்தபின் (220 வாட்டில் ஓட்டினால் ஏறக்குறைய 3 மணி 10 நிமிடம்) அதே 5 நிமிடத்தை மறுபடி அளக்க வேண்டும். நல்ல தொழில்முறை வீரருக்கு வித்தியாசம் சொற்பமாக இருக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அவர் இன்னும் பந்தயத்துக்குத் தயாராகவில்லை, முதல் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அதற்கான பயிற்சியைத் தடை முடிவதற்கு 12 முதல் 16 வாரம் முன்பே தொடங்க வேண்டும். கடினமான பகுதியைச் சவாரியின் ஆரம்பத்தில் வைக்காமல் கடைசியில் வைப்பதுதான் இதில் சூட்சுமம். ஐந்து மணி நேரச் சவாரியின் நான்காம் மணியில் 40 நொடி வேகம், 20 நொடி இளைப்பாறல் என்று பத்து முறை. ஐந்தாறு நிமிடம் விட்டு இன்னும் இரண்டு சுற்று. கடைசி எட்டு வாரத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓட்டுவது: முதலில் 45-50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம், போகப்போக 55-60 வரை, ஒன்றரை மணி நேரம். கூட்டத்துக்குள் ஓடும்போது கால் சுழலும் வேகமும், இன்னொருவர் வேகத்துக்கு நாம் ஒத்துப்போக வேண்டிய நெருக்கடியும் இதில்தான் கொஞ்சமாவது கிடைக்கும். தனியாக ஓட்டுபவர் தனக்குச் சௌகரியமான வேகத்திலேயே பல மாதம் ஓட்டிவிடுவார். பந்தயம் அப்படிக் கேட்டுக்கொண்டு நடக்காது.

வயிற்றையும் பழக்க வேண்டும். இன்றைய பந்தயங்களில் மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து உட்கொள்கிறார்கள். குளுக்கோஸ் 1 பங்கு, ஃபிரக்டோஸ் 0.8 பங்கு என்ற கலவை வழக்கமாகிவிட்டது. நான்கு ஆண்டுக்கு முன்பு 60 கிராமில் ஓடிய வயிறு முதல் நாளே இதைத் தாங்காது, வயிற்றுப்போக்கில் முடியும். 60-ல் தொடங்கி ஆறெட்டு வாரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும். எடையில் எதிர்மாறான தவறு நடக்கிறது. பந்தயம் இல்லாததால் ஏறிய ஒன்றிரண்டு கிலோவை முதல் பந்தயத்துக்கு முன்பே இறக்கிவிடத் துடிப்பார்கள். கடுமையான பயிற்சியும் அரைவயிறும் சேர்ந்தால் சளி, காய்ச்சல், தூக்கமின்மை, இரும்புச்சத்துக் குறைவு என்று வரிசையாக வரும். ஒரு கிலோ கூடுதலோடு தொடங்கினால் பந்தயங்களே அதை எடுத்துக்கொள்ளும்.

பழைய வேகம் திரும்புமா என்ற கேள்விக்கு இங்கே ஒரு பிளவு இருக்கிறது. எந்தப் பழைய வேகம்? ஈபிஓ தந்த வேகம் திரும்பாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். மருந்தை நிறுத்தி நான்கு மாதத்தில் இரத்தம் தன் இயல்புக்கு வந்துவிடும். ஸ்டீராய்டு விஷயம் அவ்வளவு சுத்தமில்லை. ஆஸ்லோவில் எலிகளை வைத்து நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், டெஸ்டோஸ்டிரோனால் தசை இழைகளுக்குள் கூடிய உட்கருக்கள் மருந்தை நிறுத்திய பின்னும் மூன்று மாதம் தங்கியிருந்தன. அந்த எலிகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது தசை வேகமாக வளர்ந்தது. எலியின் ஆயுளில் மூன்று மாதம் கணிசமான பகுதி. மனிதருக்கு எந்த அளவு பொருந்தும் என்ற விவாதம் இருக்கிறது. நீண்ட தடைக்கு ஆதரவாக இதைக் காட்டுவார்கள்.

உயர்மலைப் பயிற்சி அனுமதிக்கப்பட்டது. சியரா நெவாதாவில் 2,320 மீட்டர், லிவிஞ்ஞோவில் 1,800 மீட்டர் என்று இடங்கள் உண்டு. மூன்று வாரம் தங்கினால் மொத்த ஹீமோகுளோபின் சில சதவீதம் கூடும். ஆனால் திரும்பும் வீரருக்கு இங்கே எச்சரிக்கை தேவை. அவருடைய இரத்தக் கடவுச்சீட்டை (இரத்த எண்களைத் தொடர்ந்து பதியும் ஆவணம்) பார்ப்பவர்கள் வழக்கத்தைவிட நுணுக்கமாகப் பார்ப்பார்கள். 2008-ல் யூசிஐ தொடங்கிய இந்த முறையில் ஒவ்வொரு வீரரும் தன்னோடுதான் ஒப்பிடப்படுகிறார். முக்கியமான எண் ஆஃப்-ஸ்கோர்: லிட்டருக்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்ற எண்ணிலிருந்து, இளம் சிவப்பணு சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 150, இளம் அணு 1 சதவீதம் என்றால் 90. ஹீமோகுளோபின் 165-க்கு ஏறி இளம் அணு 0.3-க்கு விழுந்தால் 132. வெளியிலிருந்து இரத்தம் ஏற்றியதும் அல்லது ஈபிஓவை நிறுத்தியதும் எலும்பு மஜ்ஜை 'போதும்' என்று உற்பத்தியைக் குறைப்பதன் அடையாளம் அது. மலையிலிருந்து இறங்கி ஒரு வாரத்தில் எடுத்த மாதிரியும் கொஞ்சம் இந்தச் சாயலில் இருக்கும்.

அதனால்தான் மாதிரி எடுக்கும்போது நிரப்பும் படிவத்தை அலட்சியமாக எழுதக் கூடாது. கடந்த இரண்டு வாரத்தில் உயரமான இடத்தில் இருந்தீர்களா, குறை-ஆக்ஸிஜன் கூடாரத்தில் தூங்கினீர்களா, மூன்று மாதத்தில் இரத்தம் இழந்தீர்களா அல்லது ஏற்றினீர்களா என்று கேட்பார்கள். இடம், உயரம், தேதி, எத்தனை மணி நேரம் என்று துல்லியமாக எழுத வேண்டும். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இரத்தம் எடுக்கலாம். எடுக்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர்ச்சமநிலையே எண்ணைத் திரித்துவிடும். பழைய மாதிரிகளும் பத்து ஆண்டு வரை மறுபரிசோதனைக்கு உட்பட்டவை. தாமஸ் டெக்கர் 2007 டிசம்பரில் கொடுத்த மாதிரி 2009-ல் மறுபடி சோதிக்கப்பட்டுத்தான் மாட்டினார். பழைய கணக்கை முழுதாகச் சொல்லாமல் திரும்பும் வீரருக்கு இந்தக் கத்தி தலைக்கு மேலேயே தொங்கும்.

இரண்டாவது முறை சிக்கினால் என்ன ஆகும்? பத்து ஆண்டுக்குள் வரும் குற்றம் இரண்டாவதாகக் கணக்காகும். நான்கு ஆண்டுத் தடை பெற்றவர் மறுபடி நான்கு ஆண்டுக்கு உரிய குற்றத்தில் சிக்கினால் எட்டு ஆண்டு. ரிக்கார்டோ ரிக்கோ 2008 டூரில் செரா எனும் ஈபிஓ வகையில் சிக்கி, ஒத்துழைத்ததால் 20 மாதமாகக் குறைக்கப்பட்ட தடையோடு 2010-ல் திரும்பினார். 2011 பிப்ரவரியில், வீட்டுக் குளிர்பெட்டியில் 25 நாள் வைத்திருந்த தன் இரத்தத்தைத் தானே ஏற்றிக்கொண்டு உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவமனைக்குப் போனார். 12 ஆண்டுத் தடை. டனிலோ டி லூக்கா 2009-ல் செரா, 2013-ல் ஈபிஓ, பிறகு ஆயுள் தடை.

இவர்கள் தெரிந்தே செய்தவர்கள். தெரியாமல் இரண்டாவது முறை விழுவது மருந்துப் பெட்டியாலும் ஊட்டச்சத்துப் பொடியாலும். கொன்டடோர் வழக்கில் சிக்கியது மில்லிலிட்டருக்கு 50 பிக்கோகிராம் கிளென்புடரால். இறைச்சி வழியே வந்தது என்றார் அவர். நடுவர் நீதிமன்றமோ மாசுபட்ட ஊட்டச்சத்துப் பொருள் வழியே வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. தண்டனை அப்படியும் இரண்டு ஆண்டு. ஆகவே திரும்பும் வீரர் தொகுதிவாரியாகச் சோதித்த பொருட்களை மட்டும் வாங்க வேண்டும்; 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்', 'கோல்னர் லிஸ்டே' போன்ற பட்டியல்கள் இருக்கின்றன. வாங்கும்போது தொகுதி எண்ணைக் குறித்து, அதே தொகுதியில் ஒரு டப்பாவைப் பிரிக்காமல் எடுத்துவைக்க வேண்டும். பிரித்த டப்பாவை எந்த விசாரணையிலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆஸ்துமா மருந்து சால்புடமாலுக்கு 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரம்பு. அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. பழைய விதி 12 மணி நேரத்துக்கு 800 என்று இருந்தது. அதை நினைவில் வைத்திருப்பவர் ஏமாறுவார். டியகோ உலிஸ்ஸி 2014 ஜிரோவில் மில்லிலிட்டருக்கு 1,000 நானோகிராம் வரம்புக்கு எதிராக 1,920 காட்டி ஒன்பது மாதம் உட்கார்ந்தார். கார்டிசோன் ஊசி எந்த வழியில் போட்டாலும் 2022 முதல் போட்டிக்காலத்தில் தடை. போட்டிக்காலம் என்பது பந்தயத்துக்கு முந்தின இரவு 11.59-க்கே தொடங்குகிறது. தசையில் போட்ட டிரையம்சினோலோன் (கார்டிசோன் வகை மருந்து) உடம்பை விட்டுப் போக 60 நாள் ஆகலாம். வலி மாத்திரை டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் வாடாவின் தடைப் பட்டியலில். 2022 டூரில் யூசிஐயின் தனி விதிப்படி அதில் சிக்கிய நைரோ கின்டானாவுக்கு ஆறாம் இடம் மட்டுமே போனது. இன்று என்றால் அது ஊக்கமருந்து வழக்கு. இரும்புச்சத்துக் குறைவுக்கு டிரிப் ஏற்றிக்கொள்வதும் ஆபத்து: மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விதிவிலக்கு இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பில் ஏற்றக் கூடாது.

போன நேரத்தில் பந்தய விதிகளும் மாறியிருக்கும். 2021-ல் தடையானவர் 2025-ல் திரும்பினால், இறக்கத்தில் சைக்கிளின் ஃபிரேம் கம்பி மேல் உட்கார்ந்து சறுக்குவதும், முன்கையைக் கைப்பிடியில் ஊன்றிப் படுப்பதும் குற்றம். பிரேக் நெம்புகோலை உள்நோக்கிச் சாய்ப்பதற்கு வரம்பு வந்துவிட்டது. 2025 முதல் மஞ்சள் அட்டை உண்டு: ஒரே பந்தயத்தில் இரண்டு வாங்கினால் வெளியேற்றமும் ஏழு நாள் இடைநீக்கமும். டயர்கள் அகலமாகிவிட்டன, காற்றழுத்தம் குறைந்துவிட்டது. ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரமே வேறு.

முதல் பந்தயம் எதுவாக இருக்கலாம்? ஒருநாள் கிளாசிக் வேண்டாம். 250 கிலோமீட்டரும் குறுகிய சாலையும் இடத்துக்கான அடிதடியும் முதல் நாளுக்கு ஒத்துவராது. ஐந்து முதல் ஏழு நாள் நடக்கும் தொடர் பந்தயம் நல்லது. முதல் இரண்டு நாள் கூட்டத்துக்குள் பழகிக்கொண்டு கடைசி நாட்களில் கால் போட்டுப் பார்க்கலாம். வால்வெர்டே 2011 முடிவில் தடை தீர்ந்து, 2012 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் டூர் டவுன் அண்டரில் இறங்கினார். வில்லுங்கா மலை முடிவை வென்று, சைமன் ஜெரன்ஸுடன் நேரத்தில் சமமாக இரண்டாம் இடம் பெற்றார். ஆறு ஆண்டு கழித்து 38 வயதில் இன்ஸ்புருக்கில் உலகச் சாம்பியன். இவான் பாஸோ 2008 அக்டோபரில் ஜப்பான் கப்பில் திரும்பினார். ஜிரோவை வெல்ல 2010 மே வரை ஆனது. சாதாரணமாக எதிர்பார்க்க வேண்டியது பாஸோவின் வேகத்தைத்தான். கொன்டடோரே 2012 வூல்டாவில் முதல் இரண்டு வாரம் மலை முடிவுகளில் தாக்கித் தாக்கி ஹோவாகிம் ரோட்ரிகேஸிடம் தோற்றுக்கொண்டிருந்தார். கடைசி நொடித் துள்ளல் அவர் காலில் இல்லை. ஃபுவென்டே டே போகும் 17-ம் நாளில்தான், அந்தத் துள்ளல் தேவைப்படாதபடி வெகுதூரத்திலேயே தாக்கி, முதலிடத்துக்கான சிவப்புச் சட்டையைப் பறித்தார். பயிற்சியில் எது குறைந்திருக்கிறது என்று தெரிந்தவர் பந்தயத்தை எப்படி மாற்றிக்கொள்வார் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், முதல் பந்தயத்தில் பாதியில் விலகுபவர்களுக்கு. சோதனைக்குத் தேர்வானவர்களின் பட்டியலைப் பார்ப்பது வீரரின் பொறுப்பு. விலகியவருக்கும் அது பொருந்தும். தடையிலிருந்து திரும்பியவர் பெயர் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். களைப்பில் அணி வண்டியில் ஏறி நேரே விடுதிக்குப் போய்விட்டால் சோதனையைத் தவிர்த்ததாக எழுதப்படலாம். அது இரண்டாவது குற்றம். ஆகவே பந்தயத்திலிருந்து விலகினாலும் முதலில் போக வேண்டிய இடம் முடிவுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் சோதனை வண்டி. குளியல் அதற்குப் பிறகு.